பனியாறு, தூந்திரா ஆராய்ச்சிக்குள் நுழைவது எப்படி? படிப்படியாக

"ஆர்க்டிக் ஆராய்ச்சிக்குப் போகணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று எம்எஸ்சி மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நார்வேயில் பிஎச்டி வேலை கிடைக்கும்வரை நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஆங்கிலத் தேர்வு, மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

படி 1: எதை அளக்கப் போகிறீர்கள்?

ஆர்க்டிக் என்பது ஒரே துறை இல்லை. பனியாற்றுக்காரர்கள் நீராவித் துளைப்பானால் பனியில் ஆழமாகத் துளை போட்டுக் கம்பு நடுவார்கள். கோடை முடிவில் கம்பு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்தால் அங்கே எவ்வளவு உருகியது என்பது தெரிந்துவிடும். ஸ்வீடனின் ஸ்டோர்கிளாசியாரென் பனியாற்றில் இந்தக் கணக்கு 1940களின் நடுவிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. தூந்திராக்காரர்கள் இரும்புக் கம்பியை மண்ணில் குத்தி, ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைநிலம் தட்டுப்படும் ஆழத்தைக் குறிப்பார்கள். சிலர் மேல்பக்கம் திறந்த சிறு கூண்டுகளைச் செடிகள்மேல் வைத்து, ஓரிரு டிகிரி சூடு கூடினால் செடி என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். இயற்பியல், சிவில், கணினி படித்தவர்களுக்கு முதல் பக்கம் எளிது. தாவரவியல், மண்ணியல் படித்தவர்கள் இரண்டாம் பக்கம் வரலாம்.

படி 2: வீட்டிலிருந்தே ஒரு சின்ன வேலை

இதைச் செய்யாமல் யாருக்கும் மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். "ஆர்வம் இருக்கிறது" என்று நூறு பேர் எழுதுகிறார்கள். ஒரு வரைபடத்தை இணைத்து அனுப்புபவர்கள் குறைவு.

நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் மிட்ரே லோவேன்பிரேன் பனியாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களிலிருந்து அளவீடு இருப்பதால் உங்கள் முடிவை ஒப்பிட்டுப் பார்க்க வசதி. 2008இல் இந்தியா திறந்த ஹிமாத்ரி நிலையம் இருக்கும் நி-ஒலெசுண்டுக்குப் பக்கத்தில்தான் இந்தப் பனியாறு இருக்கிறது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஒளியின் ஒவ்வொரு அலைநீளப் பகுதியும் தனிப் பட்டையாக வரும். பச்சைப் பட்டையிலிருந்து குற்றலை அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுங்கள். பனி பச்சை ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், குற்றலையை விழுங்கிவிடும். அதனால் விடை 0.4க்கு மேல் வந்தால் பெரும்பாலும் பனிதான். அப்புறம் உலகப் பனியாறுகளின் எல்லைகளைத் தரும் ராண்டால்ஃப் பனியாற்றுப் பட்டியலின் 7ஆம் பதிப்பைத் தரவிறக்கி மேலே வையுங்கள். அதன் எல்லைகள் 2000ஆம் ஆண்டை ஒட்டியவை. பனியாற்றின் நுனி எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

படத்தின் தேதியில்தான் கவனம் வேண்டும். ஜூன் மாதப் படம் எடுத்தால் மலைச்சரிவில் கிடக்கும் குளிர்காலப் பனியும் பனியாறாகக் கணக்கில் வந்துவிடும். உருகும் பருவம் முடியும் ஆகஸ்ட் கடைசிப் படத்தைத் தேடுங்கள். மேகமில்லாத படம் கிடைப்பது அங்கே அரிது, பொறுமையாகத் தேட வேண்டும். கல்லும் மண்ணும் மூடிய பகுதியை இந்தக் கணக்கு பிடிக்காது. அங்கே எல்லையைக் கையால்தான் வரைய வேண்டும்.

மென்பொருளுக்கு, வரைபட வேலைக்கான இலவச க்யூஜிஐஎஸ் போதும், காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள். கூடவே பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். ஓஜிஜிஎம் என்ற திறந்த பனியாற்று மாதிரி பைத்தானில் எழுதப்பட்டதுதான், அதற்கான பயிற்சிப் பாடங்களும் இலவசம்.

படி 3: விளம்பரத்தைப் படிப்பது

இதற்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். நார்வேயில் பிஎச்டி என்பது சம்பளமும் ஒப்பந்தமும் உள்ள வேலை. வழக்கமாக 3 ஆண்டு. கால் பங்கு நேரம் கற்பித்தல் போன்ற துறை வேலைக்குப் போனால் 4 ஆண்டு. நம் ஊரில் முதலில் கைடைப் பிடித்து, பிறகு தலைப்பு தேடும் பழக்கம் அங்கே செல்லாது. தலைப்பு, பணம், கடைசித் தேதி எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் ஜாப்நோர்கே தளத்தில் விளம்பரம் போடுவார்கள். ஐரோப்பிய ஆராய்ச்சி வேலைத் தளமான யூராக்செஸ், பனி ஆய்வாளர்களின் மின்னஞ்சல் பட்டியலான கிரையோலிஸ்ட் இரண்டையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

விளம்பரத்தில் கட்டாயத் தகுதி தனியாக, இருந்தால் நல்லது என்ற தகுதி தனியாக இருக்கும். கட்டாயப் பட்டியலை அப்படியே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களிடம் இருக்கும் ஆதாரத்தை எழுதுங்கள். "பைத்தான் தெரியும்" என்று எழுதினால் அது ஆதாரம் ஆகாது. படி 2இல் எழுதிய நிரலின் இணைப்பைக் கொடுங்கள். விண்ணப்பக் கடிதம் இந்தத் தாளிலிருந்துதான் பிறக்க வேண்டும். சிறுவயதிலிருந்தே பனி பிடிக்கும் என்ற பத்தியை வெட்டிவிடுங்கள். விளம்பரத்தில் தொடர்புக்கு ஒரு பெயர் இருக்கும். அவருக்குத் திட்டத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி அனுப்பலாம்: "களப்பணி எத்தனை வாரம், எந்தப் பனியாற்றில்?" இந்த அளவு போதும்.

இன்னொன்று. விண்ணப்பித்தவர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட அங்கே சட்டத்தில் இடமுண்டு. இப்போது வேலையில் இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

படி 4: களத்தைத் தொடுவது

ஸ்வால்பார்டின் லாங்இயர்பியனில் யூனிஸ் பல்கலைக்கழக மையம் இருக்கிறது. பனியியல், உறைநிலம் பற்றிய களப் பாடங்கள் அங்கே நடக்கின்றன. பனிக்கரடி வரக்கூடிய இடம் என்பதால் பாதுகாப்புப் பயிற்சியில் துப்பாக்கியும் உண்டு. இந்தியாவில் இருப்பவர்கள் கோவாவில் உள்ள தேசிய துருவ, கடல் ஆராய்ச்சி மையத்தின் அறிவிப்புகளைத் தவறவிடாதீர்கள். ஹிமாத்ரியை நடத்துவது அவர்கள்தான். இமாச்சலின் ஸ்பிதியில் 4,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஹிமான்ஷ் நிலையமும் அவர்களுடையதே. அங்கே கம்பு நட்டுப் பழகியவருக்கு ஸ்வால்பார்ட் புதிதாக இருக்காது.

வாசகர்கள் கேட்டபின் சேர்த்தது

படி 2இல் விடை தப்பாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு எண்ணிலும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. இரண்டு பட்டையிலும் அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். பழைய படங்களைப் புதிதாகச் செயலாக்கியும் வெளியிடுகிறார்கள். அதனால் தேதியை மட்டும் நம்பாமல், படத்தோடு வரும் விவரக் கோப்பையும் பாருங்கள்.

விசாவைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருக்கிறது, போகும் வழியோ நார்வே. இந்தியக் கடவுச்சீட்டோடு குறுகிய காலப் பயணமாக ஆஸ்லோ வழியாகப் போனால், லாங்இயர்பியன் விமானம் ஏறும்போதே ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள் என்று கணக்கு. திரும்பி வரும்போது மறுபடி நுழைய வேண்டும். ஆகவே விண்ணப்பத்திலேயே இருமுறை அல்லது பலமுறை நுழைவு விசா கேளுங்கள்.