அரக்குச் செப்பில் ஒரு குளக்கரை: கடைசல் பொருளில் கீறல் ஓவியம்

கடைசல் இயந்திரத்தில் மூடியுடன் கூடிய ஒரு சிறு செப்பைக் கடையும் அளவுக்குக் கை பழகியவர்களுக்கு, அடுத்து அதன்மேல் ஏதேனும் வரைந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. மரத்தையே உளியால் செதுக்குவது தொடக்கத்தில் கடினம். ஆகவே, இரு நிற அரக்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, மேலடுக்கை மட்டும் கீறி அடிநிறத்தை வெளிக்கொணரும் முறையை இங்கே விளக்குகிறேன். சிந்து மாகாணத்தில் ஹாலா நகரின் ‘ஜண்டி’ வேலை இவ்வகையைச் சேர்ந்ததே.

கர்நாடகத்தின் சன்னபட்டணத்துக் கடைசல்காரர்கள் பயன்படுத்தும் வெட்பாலை மரம் வெண்மையும் நெருங்கிய இழையும் கொண்டது என்பதால் இதற்கு மிகப் பொருந்தும். நன்கு உலர்ந்த கட்டையில் 6 செ.மீ. விட்டமும் 8 செ.மீ. உயரமும் உள்ள நேரான செப்பைக் கடைந்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள். முகமூடி அணிவதையும், தளர்ந்த சட்டைக் கையை மடித்துவிடுவதையும் மறவாதீர்கள்.

செப்பு சுழலும்போது மஞ்சள் அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்தினால், உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும்; தாழை மடலை வைத்து அழுத்தித் தேய்த்தால் சமமாகப் பரவிப் பளபளக்கும். அது முழுவதும் ஆறிய பிறகே கறுப்பு அரக்கைப் பூச வேண்டும். வேகத்தைக் குறைத்து, மெல்லிய படலமாகப் பூசினால் போதும். சூடு மிகுந்தால் அடியிலுள்ள மஞ்சளும் இளகிக் கறுப்போடு கலந்து, அழுக்குப் பச்சையாகிவிடும்.

இனி வரைபடம். 6 செ.மீ. விட்டத்திற்குச் சுற்றளவு ஏறத்தாழ 18.8 செ.மீ.; அந்த நீளத்திற்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, நாணல்களும் ஒரு பறவையும் உள்ள குளக்கரைக் காட்சியை முதலில் அதில் வரைந்து, செப்பைச் சுற்றி ஒட்டிப் பாருங்கள். உருளையில் வரையும் காட்சிக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை என்பதால், பட்டையின் இரு ஓரங்களிலும் உள்ள நாணல்கள் ஒன்றோடொன்று இயல்பாகச் சேர வேண்டும். நாணல் நுனி மூடிமேல் ஏறுமானால், மூடியின் உட்புறத்திலும் செப்பின் வாயிலும் ஒரு சிறு அடையாளக் கீறல் இட்டுவைப்பது நல்லது.

கீறுவதற்குக் கைப்பிடி பொருத்திய எஃகு ஊசி போதும். ஓலையில் எழுதியவர்கள் எழுத்தாணியைவிட ஓலையையே அதிகம் நகர்த்தினார்கள் என்பார்கள். இங்கும் அதுவே வழி. ஊசியைச் சாய்த்து ஏறக்குறைய அசையாமல் பிடித்து, இடக்கையால் செப்பைத் திருப்புங்கள். ஊசியை நிமிர்த்திக் குத்தினால் அரக்கு சில்லாகப் பெயரும். சரியான ஆழத்தில் கறுப்பு மெல்லிய தூளாக உதிர்ந்து, மஞ்சள் கோடு தெளிவாகத் தெரியும்; வெண்மை தெரிந்தால் மரத்தைத் தொட்டுவிட்டீர்கள்.

முதலில் நீர்மட்டம், பிறகு கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் நாணல்கள், கடைசியாகப் பறவை. தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மடையான் என்னும் கொக்கு வகையை. கழுத்தை உள்ளிழுத்துக் கூனியபடி ஒரே இடத்தில் நிற்கும் அதற்கு ஒரு முட்டை வடிவம், ஒரு நீண்ட அலகு, இரண்டு கால்கள் போதும். அதன் முதுகை முழுதும் சுரண்டி மஞ்சளாக்காமல், சிறகுகளைக் குறிக்கும் குறுங்கோடுகளை மட்டும் இடுங்கள். நீருக்கு, காலைச் சுற்றி அறுந்து அறுந்து செல்லும் நான்கைந்து கோடுகளுக்கு மேல் வேண்டாம். இருட்டாக விட்ட இடமே குளமாகத் தோன்றும்.

முடித்ததும் தூளை மென்தூரிகையால் தட்டிவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள். ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும் என்பதால் அதை அருகிலேயே வைக்காதீர்கள். நான் முதன்முதலில் செய்த செப்பை, இன்னும் சற்றுப் பளபளக்கட்டுமே என்று மீண்டும் இயந்திரத்தில் பூட்டித் தாழை மடலை வைத்தேன். அரை நிமிடத்தில் கறுப்பு இளகிக் கோடுகளை மூடிவிட்டது. மடையானின் அலகு மட்டும் தப்பியது.