எரிவாயு இருக்கிறதா? சைஸ்மிக்கும் வெல் லாக்கும் படிக்க முதல் பாடம்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசற்படி கருங்கல். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அப்படியே வழிந்துவிடும். கடலூர்ப் பக்கத்து மணற்கல் துண்டு ஒன்றும் வைத்திருக்கிறேன். அதே சொட்டைக் கண்ணெதிரே உறிஞ்சிக்கொள்ளும். எரிவாயு தங்குவது இப்படித் துளையுள்ள கல்லில்தான். நீலகிரி பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற இறுகிய பாறை, இங்கே தேடிப் பயனில்லை. வண்டல் அடுக்கடுக்காகப் படிந்த காவிரிப் படுகையில்தான் குத்தாலம், நரிமணம் போன்ற எண்ணெய், எரிவாயு வயல்கள் எல்லாம் இருக்கின்றன.

முதலில் சைஸ்மிக். மலை விளிம்பில் நின்று கூவினால் எதிரொலி வருகிறதே, அதே கணக்கு. தரையில் அதிர்வை உண்டாக்கி, அடுக்குகளில் பட்டுத் திரும்புவதை ஜியோபோன் என்ற அதிர்வுணரும் கருவியில் பதிவு செய்கிறோம். போய்வர 2 நொடி, சராசரி வேகம் நொடிக்கு 2,500 மீட்டர் என்றால் ஆழம் 2,500 மீட்டர். மேல்நோக்கி வளைந்த மணற்கல்லையும் அதை மூடிய களிப்பாறையையும் தேடுங்கள். வாயு இருந்தால் அலையின் வேகம் குறையும். சில படுகைகளில் அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். உடனே துள்ளிவிடாதீர்கள். துளைகளில் தண்ணீரோடு கொஞ்சூண்டு வாயு கலந்திருந்தாலும் அதே பளிச்சுதான்! கிணறு தோண்டி லாக் (கிணற்றுக்குள் கருவிகளை இறக்கி ஆழவாரியாக எடுக்கும் அளவீட்டுக் கோடுகள்) பார்க்காமல் முடிவு சொல்லவே கூடாது.

சரி, லாக்குக்கு வருவோம். பாறையின் இயற்கைக் கதிர்வீச்சைக் காட்டும் காமா கோடு தாழ்ந்த இடம் பொதுவாக மணற்கல், உயர்ந்த இடம் களிப்பாறை. மணற்கல்லில் மின்தடை ஏறினால் கவனியுங்கள்: உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், வாயு கடத்தாது. அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த இடம். நியூட்ரான் கருவி ஹைட்ரஜனைத்தான் உணர்கிறது. வாயுவில் அது குறைவு என்பதால் துளை குறைவாகக் காட்டும். அடர்த்திக் கருவியோ கல் லேசானதைப் பார்த்துத் துளை அதிகம் என்று சொல்லும். இரண்டு கோடுகளும் குறுக்கே வெட்டி விலகும் அந்த இடைவெளிதான் வாயுவின் கையெழுத்து.

இனி துளைகளில் தண்ணீரின் பங்கைக் கணக்கிட ஆர்ச்சி என்ற எண்ணெய்த்துறைப் பொறியாளர் 1942-இல் தந்த சூத்திரம், எளிய வடிவில். துளை 0.20 (பாறையின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு), நீரின் மின்தடை 0.04, பாறையின் மின்தடை 16 ஓம் மீட்டர் என்று வையுங்கள். 0.04-ஐ 0.20-இன் வர்க்கத்தாலும் 16-ஆலும் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.25. துளைகளில் கால்பங்கு தண்ணீர், முக்கால்பங்கு வாயு.

பரப்பு சைஸ்மிக்கிலிருந்து வரும், மற்றவை லாக்கிலிருந்து. 1 சதுர கிலோமீட்டர், 10 மீட்டர் தடிமன் என்றால், இவற்றைத் துளை 0.20, வாயுப் பங்கு 0.75 ஆகியவற்றோடு பெருக்க, ஆழத்தில் 15 லட்சம் கன மீட்டர் வாயு. அழுத்தம் நீங்கி மேலே வரும்போது 200 மடங்கு விரிந்தால் 30 கோடி. தடிமனை 8 மீட்டர் என்று வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள், 24 கோடி வர வேண்டும்.