காவிரிக்கரையில் ஐரிஸ் வளர்க்க ஆசையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளியில் படித்தோம். ஐரோப்பாவில் ஐரிஸ் பூத்துக் குலுங்குவதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான். நீலம், கத்தரிப்பூ நிறம், மஞ்சள், வெள்ளை, கருஞ்சிவப்பு என்று அந்தத் தோட்டங்களின் படங்கள் நம் கைப்பேசிக்கு வந்து சேரும்போது இங்கே அக்கினி நட்சத்திரம். திருவையாற்றில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். மேட்டூர் திறக்க ஜூன் 12 வரை காத்திருக்க வேண்டும். படத்தைப் பார்த்த மயக்கத்தில் அந்த வாரமே ஆன்லைனில் கிழங்கு வாங்கிவிடுகிறோம். முதல் தவறு அதுதான்.

ஐரிஸ் என்பது கிரேக்கர்களின் வானவில் தேவதை பெயர். சுமார் 300 இனங்கள் இருக்கின்றன. படங்களில் நம்மை மயக்குவது பெரும்பாலும் தாடி ஐரிஸ். மூன்று இதழ்கள் மேலே நிமிர்ந்து கூடியிருக்கும், மூன்று கீழே மடிந்து தொங்கும். தொங்கும் இதழின் நடுவே மெல்லிய மயிர் வரிசையாக நிற்கும், அதுதான் தாடி. பூவுக்குள் போக வேண்டிய வழியை வண்டுக்குக் காட்டுவது அந்த வரிசைதான். இவ்வளவு அழகான செடிக்கு ஒரு நிபந்தனை உண்டு: மொட்டு பிடிக்க வேண்டுமானால் சில வாரங்களாவது கடுங்குளிர் கிடைக்க வேண்டும். தஞ்சாவூரில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்கு அருகில்தான் இறங்குகிறது. அதனால் இலை வரும், பூ வராது. காஷ்மீரில் கல்லறைகளின் மேல் வெள்ளையும் ஊதாவுமாக ஐரிஸ் பூத்துக் கிடப்பது அங்கே பனி விழுவதால்தான்.

நானும் நான்கு கிழங்குகள் வாங்கினேன். இஞ்சி, மஞ்சள் நட்டுப் பழகிய கை. அதே பழக்கத்தில் மூன்று விரற்கடை ஆழத்தில் புதைத்து மண்ணை மூடினேன். ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்தது. இலை நுனி மஞ்சளானதும் தோண்டிப் பார்த்தால், கிழங்கு கையில் கூழாக நசுங்கியது. அழுகின முட்டை போல ஒரு நாற்றம். அன்று மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தாடி ஐரிஸ் கிழங்கைப் புதைக்கவே கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. எருமை குளத்தில் படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், உடம்பு தண்ணீருக்குள், முதுகு மட்டும் வெளியே. அப்படித்தான் அந்தக் கிழங்கும் கிடக்க வேண்டும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உங்களுக்கு உறவினர் இருந்தால் கிழங்கை அவர்களிடம் கொடுத்து, இப்படி நடச் சொல்லுங்கள்.

ஐரிஸ் விதை என்று வானவில் நிறப் படம் போட்ட பாக்கெட்டுகளும் விற்கிறார்கள். வாங்காதீர்கள். கலப்பின ஐரிஸ் விதையில் தாயின் நிறம் அப்படியே வராது. முளைத்தாலும் பூப்பதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும்.

அப்படியானால் டெல்டாவில் ஐரிஸே கிடையாதா? உண்டு. நர்சரிகளில் லெபர்ட் லில்லி என்று கேட்டுப் பாருங்கள். ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளிகள் தெறித்த பூ. பெயரில் லில்லி இருந்தாலும் அது ஐரிஸ்தான். 2005இல் தாவரவியலாளர்கள் அதை ஐரிஸ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆறு இதழும் ஒரே மாதிரி விரிவதால் பலருக்கு அடையாளம் தெரிவதில்லை. ஒரே நாள் பூ. வாடும்போது ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொள்ளும். காய் வெடித்ததும் பளபளக்கும் கறுப்பு விதைகள் கொத்தாக நிற்கும். நல்ல வெயில் கொடுங்கள். நம் களிமண்ணில் அப்படியே நடாமல், மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்து, பாத்தியை ஒரு சாண் உயர்த்திக்கொள்ளுங்கள். வயலுக்கு வாங்கிய யூரியாவில் ஒரு கை அள்ளிப் போடுகிற பழக்கம் இங்கே வேண்டாம். இலை கொழுத்து வளரும், பூ குறையும்.

எனக்கு மிகவும் பிடித்தது நடக்கும் ஐரிஸ். பிரேசில் பக்கத்துச் செடி, ஐரிஸ் குடும்பத்து உறவு. வெளி இதழ் மூன்றும் வெள்ளை. உள்ளே நீல இதழ்கள் சுருண்டு நிற்கும், அடியில் பழுப்புக் கோடுகள். காலையில் விரிந்து பொழுது சாயும்போது வாடிவிடும். லேசான வாசமும் உண்டு. உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகும். தென்னை நிழலோ கிணற்றடியோ அதற்குப் போதும். பூ முடிந்ததும் தண்டை நறுக்கிவிடுகிறார்கள், அதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. தண்டின் நுனியில்தான் குட்டிச் செடி பிறக்கிறது. கனம் தாங்காமல் தண்டு சாய்ந்து மண்ணைத் தொடும், அங்கேயே வேர் விடும். சாயும் பக்கம் ஒரு தொட்டியில் மண் நிரப்பி வையுங்கள். வேர் பிடித்த பிறகு தண்டை வெட்டலாம்.

கடைசியாக ஒன்று, இது விளையாட்டில்லை. ஐரிஸ் இலையும் கிழங்கும் வசம்புபோல இருக்கும். குளத்தோரம் வளரும் மஞ்சள் ஐரிஸுக்குத் தாவரவியல் பெயரே 'போலி வசம்பு' என்றுதான் பொருள்படும். வசம்பு இலையைக் கசக்கினால் வாசம் தூக்கும், ஐரிஸ் இலையில் அந்த வாசம் இருக்காது. ஐரிஸ் கிழங்கு நச்சு. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கத் தோட்டத்துக் கிழங்கை எடுக்கவே எடுக்காதீர்கள். ஆடு, மாடு கட்டும் இடத்தருகேயும் நட வேண்டாம். அந்த மஞ்சள் ஐரிஸ் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் நீர்க்கரைகளை அடைத்து மண்டிக் கிடக்கிறது. நம் வாய்க்கால்களில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்திருப்பது போதாதா? யாராவது கொடுத்தாலும் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிடுங்கினால் காயவைத்து எரித்துவிடுங்கள், துண்டுக் கிழங்கைக்கூட வாய்க்காலில் போடாதீர்கள்.