பேச்சு வருமுன் குழந்தைக்குக் கைஜாடை பழக்குவது எப்படி

குழந்தைக்கு நாக்கும் உதடும் வசப்பட ஒரு வருஷம் ஆகும், கை அதற்கு முன்பே வசப்பட்டுவிடும். பிள்ளைத்தமிழில் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணிப் பருவம் என்று கை கொட்டுவதற்கே ஒதுக்கியிருக்கிறார்கள். டாட்டா காட்டு, சாமி கும்பிடு என்று நாம் பழக்குவதோடு வேலைக்கு ஆகிற ஜாடை நாலைச் சேர்த்துக்கொண்டால் எதற்கென்று தெரியாத அழுகை கொஞ்சம் குறையும்.

கூழ் ஊட்ட ஆரம்பிக்கிற ஆறேழு மாதத்தில் தொடங்குங்கள். முதலில் மூன்று போதும். பால் என்றால் மாடு கறக்கிற மாதிரி கையை மூடி மூடித் திறப்பது. இன்னும் வேணும் என்றால் இரண்டு கை விரல் நுனிகளையும் குவித்து ஒன்றோடொன்று தட்டுவது. போதும் என்றால் உள்ளங்கைகளை விரித்துப் புரட்டிக் காட்டுவது. இவை அமெரிக்க சைகை மொழியிலிருந்து வந்தவை. நம் நாட்டு ஜாடைதான் வேண்டும் என்றால் டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-ல் 10,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி இருக்கிறது, வீடியோவாகவே பார்க்கலாம். இதற்கென்று காசு கொடுத்து அட்டை, வகுப்பு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஜாடையைச் சும்மா உட்காரவைத்துப் பாடம் நடத்தினால் ஏறாது. ஒரு வாய் கேழ்வரகுக் கூழ் ஊட்டிவிட்டு, ஸ்பூனைக் கிண்ணத்திலேயே வைத்துக்கொண்டு, குழந்தை நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிற வரை பொறுங்கள், பார்த்ததும் "இன்னும் வேணுமா?" என்று வாயாலும் கேட்டு விரலையும் தட்டிக் காட்டி, அப்புறம் அடுத்த வாய். வாயால் சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்பா, ஆயா, பார்த்துக்கொள்கிற அக்கா எல்லோரும் ஒரே ஜாடையைக் காட்ட வேண்டும்.

பதிலுக்குக் குழந்தை காட்ட ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம், காட்டும்போதும் கோணல்மாணலாகத்தான் இருக்கும். விரல் நுனிக்குப் பதில் ஒரு விரலை உள்ளங்கையில் குத்தினால் அதுவும் 'இன்னும்'தான், திருத்தாமல் உடனே ஊட்டிவிடுங்கள். அப்புறம் அதற்குப் பிடித்ததைச் சேருங்கள்: ஃபேனுக்கு விரலைச் சுற்றுவது, காக்காவுக்குக் கையடிப்பது, கடலூர்க்காரர்கள் சாயங்காலம் தேவனாம்பட்டினம் பீச்சுக்குத் தூக்கிப்போனால் அலைக்குக் கையை நெளிப்பது. இதற்கெல்லாம் அகராதி வேண்டாம்.

"ஜாடையிலயே பழக்கினா பேச்சு எப்படி வரும்?" என்று வீட்டில் கேட்பார்கள். லிண்டா அக்ரெடோலோ, சூசன் குட்வின் என்று கலிஃபோர்னியாவில் இதைப் பல வருஷம் ஆராய்ந்த இருவரும் ஜாடை பழகிய பிள்ளைகளுக்குப் பேச்சு பின்தங்கவில்லை என்றுதான் கண்டார்கள். அதற்காக மூளை கூர்மையாகும் என்று விற்பவர்களையும் நம்பாதீர்கள், அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

ஒன்று மட்டும். பின்னால் பாத்திரம் விழுந்தாலும் திரும்பாத, கூப்பிட்டால் பார்க்காத குழந்தை என்றால் ஜாடை வருகிறதே என்று இருந்துவிடாமல் ஜிப்மரிலோ பக்கத்து அரசு மருத்துவமனையிலோ காது பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். காது கேளாத பிள்ளைக்கு இந்த நாலு ஜாடை பத்தாது, முழு சைகை மொழியே வேண்டும், அதுவும் சீக்கிரமே.