மாவு பிசைந்து மணிக்கட்டை மீட்டது

மாவுக்கட்டுப் பிரித்ததும் மணிக்கட்டு மரக்கட்டை மாதிரி இருந்தது. பந்து அமுக்குவது இரண்டே நாளில் அலுத்துவிட, சமையலறைதான் கைகொடுத்தது.

வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் கையை வைத்துவிட்டு, ஒரு கப் கோதுமை மாவைத் தளர்வாகப் பிசைய வேண்டும். கெட்டி மாவென்றால் கட்டைவிரல் அடியில் வலி பிடித்துக்கொள்ளும். உள்ளங்கையால் தள்ளும்போது மணிக்கட்டு பின்னால் மடங்கும். விரல்களால் இழுக்கும்போது பிடி வரும்.

தோசையைப் புரட்டுவது முன்கைச் சுழற்சிக்கு. ஏமாற்று வேலை இங்கேதான்: முன்கை திரும்பாவிட்டால் தோள் தூக்கிக்கொடுத்துவிடும். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே கைக்குட்டையைச் செருகிக்கொண்டு புரட்டுங்கள். அது விழுந்தால் வேலை செய்வது தோள்தான்.

பிழிவதற்கு முதலில் கைக்குட்டை, பிறகு துண்டு. ஈரப் புடவையும் தண்ணீர்க் குடமும் எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகே. மறுநாள் காலையும் வீக்கம் இருந்தால் அன்றைக்குப் பாதி மாவு.