மலச்சிக்கலுக்கு புரோபயாடிக்: எதை வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது

மருந்துக்கடையில் பொத்தாம்பொதுவாக புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் என்று எடுக்கும் உயிருள்ள கிருமிகள்) கேட்டால், வயிற்றுப்போக்குக்கான பாக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். லேபிளில் சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்றிருந்தால் அது அந்த வகை ஈஸ்ட், மலச்சிக்கலுக்கு வேண்டாம்.

தேட வேண்டியது பிஃபிடோபாக்டீரியம் லாக்டிஸ் என்ற பாக்டீரியா. பெயருக்குப் பின்னால் எச்என்019, பிபி-12 என்பதுபோல் ரகக் குறியீடும் இருக்க வேண்டும். குறியீடு இல்லையென்றால் உள்ளே இருப்பது சோதிக்கப்பட்ட ரகமா என்று தெரியாது. எண்ணிக்கையையும் பாருங்கள்: 10 பில்லியன் என்றால் 1,000 கோடி உயிரணுக்கள். அது தயாரித்த நாளின் கணக்கா, காலாவதி நாள் வரைக்குமான உத்தரவாதமா? இரண்டாவதுதான் நம்பகமானது.

அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வெளியான தொகுப்பாய்வில் புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு வாரத்துக்குச் சராசரியாக 1.3 முறை கூடுதலாக மலம் கழிந்தது. பின்னால் எச்என்019ஐ வைத்துச் சீனாவில் நடந்த சோதனையிலோ ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தே இல்லாத போலி மருந்தைவிட மேலான பலன் தெரியவில்லை. அதனால் முதலில் இசப்கோலைப் பார்ப்பதே புத்திசாலித்தனம், விலையும் குறைவு. ஒரு டேபிள்ஸ்பூனில் (சுமார் 5 கிராம்) தொடங்கி, மெல்ல நாளுக்கு 10 கிராமுக்கு மேல் கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கட்டாயம். தண்ணீர் குறைந்தால் இசப்கோலே அடைத்துக்கொள்ளும்.

அதன் பிறகும் புரோபயாடிக் பார்க்கலாம் என்றால், முந்தைய ஒரு வாரம் எத்தனை முறை போனீர்கள், புழுக்கையாகவா, முக்கவேண்டி வந்ததா என்று குறித்துவையுங்கள். பிறகு ஒரே தயாரிப்பை, லேபிளில் சொன்ன அளவில், தினமும் ஒரே நேரத்தில் 4 வாரம் எடுங்கள். இந்த நாட்களில் வேறு எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும். பொடியைச் சூடான பாலில் கலக்கினால் அதிலுள்ள நல்ல கிருமிகள் செத்துவிடும், ஆறிய தண்ணீர் போதும். ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடவும். முதல் சில நாள் வயிறு உப்புசமாக இருக்கலாம். அது அடங்காவிட்டால் லேபிளில் இனுலின் (ஒருவகை நார்ச்சத்து) இருக்கிறதா பாருங்கள், வாயு அதனாலும் வரலாம். 4 வாரத்தில் குறிப்பில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் சில வலிநிவாரணிகளும் மலத்தை இறுக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். கீமோதெரபியில் இருப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரோபயாடிக்கைத் தொடவே கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, 50 வயதுக்குமேல் புதிதாக வந்த மலச்சிக்கல் என்றால் உடனே பரிசோதனைக்குப் போங்கள். வாயுகூடப் பிரியாமல் வாந்தியும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.