கண்காணிப்புக் கிணற்றைக் கெடுக்கும் தவறுகள்

ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் நிலத்தடி நீரைக் கண்காணிக்கக் கிணறு போட, பெரும்பாலும் ஊரில் போர்வெல் போடும் ரிக்கைத்தான் கூப்பிடுவார்கள். ரிக் அதுவாக இருக்கலாம், வேலைமுறை அதுவாக இருக்கக் கூடாது. போர்வெல்காரர் கிடைக்கிற ஊற்றையெல்லாம் சேர்த்து அதிகத் தண்ணீர் எடுக்கப் பார்ப்பார். நமக்கு வேண்டியதோ ஒரே ஓர் ஆழத்தின் தண்ணீர்.

மேல் மண்ணுக்கு மட்டும் கேசிங் (துளைச் சுவரைத் தாங்கும் குழாய்) இறக்கி, கீழே பாறையை வெறும் துளையாக விடுவது வழக்கமான போர்வெல். மாசுபட்ட இடத்தில் அப்படி விட்டால், சிதைந்த பாறையில் நிற்கும் குரோமிய நீர் அந்தத் துளை வழியாகவே கீழே உள்ள வெடிப்புகளுக்கு இறங்கிவிடும். ஆகவே சிதைந்த பாறைக்கு ஒரு கிணறு, சில மீட்டர் தள்ளி ஆழமான வெடிப்புக்கு வேறொரு கிணறு. ஆழக் கிணற்றில் மேல் அடுக்கைக் கேசிங்கால் அடைத்து, வெளிப்புறம் சிமென்ட் ஏற்றி, அது இறுகிய பிறகே கீழே துளைக்க வேண்டும்.

நீர் உள்ளே வரத் துளையிட்ட சல்லடைக் குழாய் 3 மீட்டர் போதும். பத்து மீட்டர் வைத்தால் நல்ல நீரும் கெட்ட நீரும் கலந்து, அறிக்கையில் மாசின் எண் குறைந்துவிடும். பெட்ரோல், டீசல் கசிந்த இடத்தில் நீர்மட்டம் சல்லடைக்குள்ளேயே ஏறி இறங்க வேண்டும், ஏனென்றால் அவை மிதப்பவை. மே மாத மட்டத்தை மட்டும் பார்த்துச் சல்லடை வைத்தால், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நீர் சல்லடையைத் தாண்டி உயரும். எண்ணெயோ சல்லடைக்கு மேலுள்ள துளையில்லாத குழாய்க்கு வெளியே நிற்கும், கிணற்றுக்குள் எதுவும் தெரியாது.

ஆக்சா பிளேடால் கீறிய பிவிசி குழாயையும் சொல்யூஷன் ஒட்டிய இணைப்பையும் தொடவே வேண்டாம். சொல்யூஷனில் உள்ள கரைப்பான்கள் ஆய்வில் மாசாகவே வந்து நிற்கும். திருகி மாட்டும் 50 மி.மீ. குழாயும், ஆலையிலேயே துளையிட்ட சல்லடையும், அந்தத் துளைக்கு ஏற்ற கழுவிய சிலிக்கா மணலும் வாங்குங்கள்.

குழாயைச் சுற்றி நிரப்புவதில்தான் அதிகம் ஏமாற்று நடக்கிறது. தோண்டிய மண்ணையே அள்ளிப் போட்டு மூடிவிடுவார்கள். மேலே உள்ள மாசு குழாயை ஒட்டியே கீழே வழியும். மணல் சல்லடைக்கு மேல் 60 செ.மீ. வரை, அதன்மேல் 60 முதல் 90 செ.மீ. பென்டோனைட் (நீரில் உப்பும் களிமண்), அது ஊறி உப்பிய பிறகு தரைவரை சிமென்ட்-பென்டோனைட் கலவை, அதையும் சிறு குழாய் விட்டு அடியிலிருந்து ஏற்ற வேண்டும். கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 150 மி.மீ. துளையில் 60 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாய் நின்றால், மீட்டருக்குச் சுமார் 15 லிட்டர் இடைவெளி. 3.6 மீட்டர் மணலுக்கு 54 லிட்டர். நாற்பதிலேயே நிறைந்துவிட்டால் மணல் நடுவில் அடைத்துக்கொண்டிருக்கிறது. எடை கட்டிய டேப்பை இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். சிமென்ட் சல்லடைக்குள் கசிந்தால் பிஎச் 11, 12 என்று எகிறும். ஆனால் குரோமேட் கழிவே காரத்தன்மை கொண்டது என்பதால், ராணிப்பேட்டை போன்ற இடத்தில் பிஎச்சை மட்டும் பார்த்துச் சிமென்டைக் குற்றம் சொல்ல முடியாது.

கிணறு முடிந்த அன்றே மாதிரி எடுக்காதீர்கள். கலவை இறுக ஒரு நாள் விட்டு, நீரை அலைத்து அலைத்து இறைத்துக் கலங்கலைப் போக்கி, ஒரு வாரமாவது ஆறவிட வேண்டும்.

நீரோட்டத்தின் திசை தெரிய ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது தேவை. நீர்மட்டச் சரிவு ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 50 மீட்டர் இடைவெளியில் மட்ட வித்தியாசம் வெறும் 5 செ.மீ. குழாய் விளிம்பில் நிலையான அளவுக்குறி இல்லாமல் ஆளுக்கொரு பக்கத்தில் டேப் வைத்தால் திசையே மாறிப்போகும். எல்லாக் கிணற்று மட்டத்தையும் ஒரே நாளில் எடுங்கள்.

மாதிரி எடுக்கும்போது பெய்லரை (கயிற்றில் இறக்கி நீர் மொள்ளும் குழாயை) தொப்பென்று போட்டால் அடிக்களிமண் கலங்கும். அதில் வடிகட்டாமல் அமிலம் விட்டால், மண்ணில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து கணக்கில் சேரும். நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி. வேகத்தில் பம்ப் செய்து, மூன்று நான்கு நிமிடத்துக்கொருமுறை பாருங்கள். தொடர்ந்து மூன்று முறை பிஎச் 0.1க்குள்ளும் மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும் நின்றால் பாட்டிலைப் பிடிக்கலாம். மாசு குறைந்த கிணற்றில் தொடங்கி மோசமானதில் முடியுங்கள். பெட்ரோல் ஆவிகளுக்கான 40 மி.லி. குப்பியில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது, அந்த மாதிரியை வடிகட்டவும் கூடாது. ஜெனரேட்டர் புகை மாதிரியில் சேராதபடி, அதைக் காற்று போகும் பக்கத்தில் தள்ளி வையுங்கள்.

குரோமியத்துக்கு இரண்டு பாட்டில் வேண்டும். கரைந்த மொத்தக் குரோமியத்துக்கு 0.45 மைக்ரான் வடிகட்டிய பிறகு நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பிஎச் 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான பாட்டிலிலும் பழக்கத்தில் அமிலத்தை ஊற்றினால், நீரில் உள்ள இரும்பும் கரிமப் பொருளும் அதை மூன்று இணைதிறனாக மாற்றிவிடும். நச்சு இல்லை என்று அறிக்கை வரும். இந்தப் பாட்டிலுக்கான நீரை வடிகட்டி, அமிலம் சேர்க்காமல், பனிக்கட்டியில் 4 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வு செய்ய வேண்டும். சனிக்கிழமை மாலை மாதிரி எடுக்கத் திட்டமிடுவதற்கு முன், ஞாயிறு லேப் திறந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.